சமையலறைக் குரல்

நாற்காலியை மேடையின் நடுவிலிருந்து தூக்கிக்கொண்டு போய் இடதுபக்க விங்குக்குப் பின்னால் போட்டார்கள். அடுத்து ஒரு மைக் ஸ்டாண்ட் வந்தது.

"இன்னும் கொஞ்சம் கீழே இறக்குடா கிட்டு. உக்காந்துண்டு பேசணும்" என்றார் சக்ரபாணி.

"யார் சார் உக்காந்து பேசறது?" என்று கேட்டாள் ஜெயசுந்தரி.

 சக்ரபாணி கையிலிருந்த பிரதியைப் புரட்டினார். பகலில் அவர் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் சூப்பரின்டென்டென்ட். மாலையில் இளங்கதிர் நாடகக் குழுவுக்கு ஆசிரியர், டைரக்டர், காரியதரிசி எல்லாம். பிரதியில் எதையோ தேடுகிற மாதிரி பாவனை செய்தால் அவர் கெட்ட செய்தி சொல்லப்போகிறார் என்று அர்த்தம்.

"ஒரு சின்ன மாறுதல், ஜெயசுந்தரி. உன் வேதா கேரக்டரை மறுபடி யோசிச்சுப் பாத்தேன். அவ மேடைக்கு வரப்போறதில்லை."

"செத்துப்போறாளா?"

கிட்டு சிரித்துவிட்டான். மைக், திரை, விளக்கு மூன்றும் அவன் பொறுப்பு. வேலைக்காரன் வேஷம் இருந்தால் அதுவும்.

"இல்லை, இருக்கா. சமையலறையில இருக்கா. அங்கேர்ந்து குரல் மட்டும் வரும். ஆடியன்ஸ் அவளைக் கற்பனை பண்ணிக்கணும். பெங்கால்ல, மராத்தியில எல்லாம் இப்போ இப்படித்தான் பண்றா. மாடர்ன்."

"கடைசி சீன்?"

"அதுவும் உள்ளேர்ந்துதான்."

"கடைசி சீன்ல அவ வெளியில வந்து அவரோட சேர்ல உக்காரணும் சார். உக்காந்தாத்தான் அந்தப் பேச்சு."

"உக்காந்துதானே பேசப்போறே. அதுக்குத்தானே நாற்காலி போட்டிருக்கு."

ஜெயசுந்தரி நாற்காலியைப் பார்த்தாள். அதற்கும் மேடைக்கும் நடுவில் சாக்குத் துணியில் வர்ணமடித்த தட்டி. அங்கே உட்கார்ந்தால் ஜன்னல் வர்ணத்தின் பின்பக்கமும், ஆணி அடித்த சட்டமும்தான் கண்ணுக்குத் தெரியும்.

"அப்ப ஹீரோவும் உள்ள உக்காரட்டும் சார். கொடியில ஒரு வேஷ்டியைத் தொங்க விட்டுருவோம். அது இன்னும் மாடர்ன்."

ஹீரோ ராஜாராமன் ஜன்னலோரம் நின்று சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார். போன மாதம் வரைக்கும் அவர் அதே தொழிற்சாலையில் சீனியர் அசிஸ்டென்ட். இப்போது ஆபீஸர். "இது நான் எடுத்த முடிவு இல்லை, ஜெயா" என்றார் ஜன்னலைப் பார்த்து. "தமிழ் மன்றத்திலேர்ந்து ஏதோ அபிப்பிராயம் சொன்னாளாம். போட்டின்னா நாலும் பாக்கணுமோல்லியோ."

அன்று வியாழக்கிழமை. நாடகம் சனிக்கிழமை, மன்றத்தின் ஆண்டு விழாப் போட்டியில்.

ஒத்திகை நடந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து எல்லா வசனத்தையும் ஒரே சுரத்தில், டெலிபோன் டைரக்டரி படிப்பதுபோல் படித்தாள். "பிரமாதம்" என்றார் சக்ரபாணி.

ஜெயசுந்தரி அந்தத் தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டர். கல்யாணம் ஆகவில்லை. செகந்தராபாத் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற எட்மண்டின் மகள். எட்மண்டின் அப்பா பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து இரும்படிக்க வந்தவர். ஜெயசுந்தரி பிறந்ததும் வளர்ந்ததும் குவார்ட்டர்ஸில். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், தெருவில் தெலுங்கும் உருதும், வீட்டிலும் கோயிலிலும் தமிழ். தமிழ் எழுத்தை அவள் வேதப்புத்தகத்தில் கற்றுக்கொண்டு, அதை ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசித்தும் வந்தாள். எதைப் படித்தாலும் நிறுத்தி, அடிமூச்சிலிருந்து, கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி படிக்கிற பழக்கம் அதனால் வந்தது.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சக்ரபாணி ஒரு நம்பர் கேட்டார். அவள் "ஒரு நிமிஷம் சார்" என்றாள். நம்பர் கிடைத்தது. அதைப் பேசாமல் வைத்துவிட்டு, இந்தக் குரல் யாருடையது என்று பார்க்க மாடி ஏறி வந்துவிட்டார்.

அந்த நாளில் இளங்கதிர் நாடகங்களில் மனைவிமார்கள் பிரசவத்துக்குப் பிறந்தகம் போயிருப்பார்கள். இல்லாவிட்டால் மாலை போட்ட படமாகச் சுவரில் தொங்குவார்கள். குழுவில் இருந்த ஆண்களின் வீட்டுப் பெண்கள் யாரும் மேடை ஏற மாட்டார்கள். ஏறுவதாக இருந்தாலும் விட மாட்டார்கள். மெட்ராஸிலிருந்து ஒரு நடிகையை வரவழைப்பது கட்டுப்படியாகாது. ஜெயசுந்தரி வந்த பிறகுதான் அந்த மனைவிமார்கள் எல்லோரும் பிறந்தகத்திலிருந்து திரும்பி வந்தார்கள், படங்களிலிருந்து இறங்கினார்கள், மேடையில் நடமாடினார்கள்.

அதற்கென்று ஒரு முறை ஏற்பட்டது. கடைசி ஒத்திகை தவிர மற்றதெல்லாம் ஹப்சிகுடாவில் ராஜாராமன் வீட்டில் நடக்கும். அவர் மனைவி ரமா எல்லோருக்கும் காபி கொடுப்பாள். முடிந்ததும் ஜெயசுந்தரி சைக்கிள் ரிக்‌ஷாவில் லாலாகுடாவுக்குப் போவாள். இரண்டு பேர் சைக்கிளில் பின்னாலேயே வந்து விட்டுவிட்டுப் போவார்கள். ஒருவர் வரக்கூடாது. ஒருவர் என்றால் பேச்சு வரும். எந்த இரண்டு பேர் என்பதைச் சக்ரபாணி முடிவு செய்வார். ராஜாராமன் பெயர் அதில் வராது, மேடையில் அவர்தான் புருஷன் என்பதால்.

அவர்கள் பேசுகிற தமிழை அவள் ரமாவிடமிருந்து எடுத்துக்கொண்டாள். யாரும் சொல்லித்தரவில்லை. காபி டம்ளரை வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்று கேட்டதுதான். 'ஆத்துக்கு', 'சித்த', 'வந்துண்டு', 'நன்னாயிருக்கு'. எந்தச் சொல்லில் இழுக்க வேண்டும், எதில் விழுங்க வேண்டும் என்பதெல்லாம் வந்துவிட்டது. மடிசார் கட்டிவிட்டது ரமா. கட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "உன்னைப் பாத்தா யாராவது கிறிஸ்டியன்னு சொல்லுவாளா?" என்றாள். ஜெயசுந்தரிக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை ஒரு பாராட்டாக வீட்டிலும் போய்ச் சொன்னாள். எட்மண்ட், ஆமாம் என்பதற்கு ஊர் உருதுவில் சொல்கிற "ஹவ்" மட்டும் சொல்லிவிட்டு ரேடியோவைத் திருகினார்.

அத்தனை வருஷமும் அவள் மேடையில் செய்தது காபி கொண்டுவந்தது, அழுதது, காலில் விழுந்தது. புருஷனுக்குப் புத்தி வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டது. இந்த முறைதான் வேறு மாதிரி வந்தது. நாடகத்தின் பெயர் 'மூணாம் நம்பர் குவார்ட்டர்ஸ்'. புருஷன் எல்லாவற்றையும் தானே முடிவு செய்கிறவன். யாரையும் கேட்காமல் ராஞ்சிக்கு மாற்றலுக்குச் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறான். கடைசிக் காட்சியில் வேதா சமையலறையை விட்டு வெளியே வந்து, அவன் நாற்காலியில் உட்கார்ந்து, தான் வரப்போவதில்லை என்று சொல்கிறாள். ஒரு முழுப் பக்கம். சக்ரபாணி எழுதியபோது அது நாலே வரி. ஒத்திகையில் ஜெயசுந்தரி பேசப்பேச வளர்ந்தது. அவள் சொன்னதை அவர் பென்சிலால் குறித்துக்கொண்டார். மறுநாள் அது பிரதியில் அவர் எழுத்தாக இருந்தது.  பேசப்போவது தான்தானே என்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் டெலிபோன் போர்டில் உட்கார்ந்தாள். அந்த வாரம் முழுக்க லைனில் விழாதான் ஓடிக்கொண்டிருந்தது. செகந்தராபாத்தில் தமிழர்கள் நடத்தும் மன்றத்தின் ஆண்டு விழா. திங்கட்கிழமைக் கச்சேரிக்கு வரவேண்டிய பாடகர் வந்த ரயில் லேட்டாகி, வந்தனம் சொல்ல வேண்டிய நேரத்தில் வர்ணம் பாடினார். பட்டிமன்றம் முடிவதற்குள் வாட்ச்மேன் பூட்டும் சாவியுமாக மேடை ஓரம் வந்து நின்றுவிட்டான். புதன்கிழமை குறவஞ்சி ஆடிய குழந்தைகள் சலங்கைக்காகத் தெலுங்கில் சண்டை போட்டது மைக்கில் கேட்டது. எல்லாம் ஒரு எக்ஸ்டென்ஷனிலிருந்து இன்னொரு எக்ஸ்டென்ஷனுக்குப் போயிற்று. சனிக்கிழமைக்கு முன் வரிசைப் பாஸ் வேண்டும் என்று மூன்று பிரிவுகளிலிருந்து சக்ரபாணிக்குக் கால். எல்லாவற்றையும் கனெக்‌ஷன் கொடுத்தது அவள். ஒருவர் மட்டும், "ஆபரேட்டர், நீங்கதானே ஹீரோயின்?" என்று கேட்டார். "கேக்கலை சார், லைன் சரியில்ல" என்றாள்.

பதினோரு மணிக்கு மேல் வெளியிலிருந்து ராஜாராமனுக்கு ஒரு கால். ரமாதான். ஜெயசுந்தரி இணைப்புக் கார்டின் முனையை அவர் எக்ஸ்டென்ஷனில் சொருகினாள். கொஞ்ச நேரம் கழித்து, பேசி முடிந்ததா என்று பார்க்கப் போர்டிலிருந்த சாவியைத் தட்டி லைனைக் கேட்டாள். ஆபரேட்டர்கள் நாள் முழுக்கச் செய்கிற வேலை அது. காதில் விழுவது எதையும் காதில் வைத்துக்கொள்வதில்லை.

"...எம்.டி. ஆத்து மாமி எல்லாம் முன் வரிசையில உக்காரப்போறா. நீங்க இப்போ ஆபீஸர். போர்டுல உக்காந்து நம்பர் போடறவ உங்களுக்குக் காபி ஆத்திக் குடுக்கறதும், உங்க நாற்காலியில உக்காந்துண்டு அதட்டறதும்... அவா நாளைக்கு என்னைப் பாத்து என்ன நெனச்சுப்பா?"

"அதான் சக்ரபாணிட்டச் சொல்லி அவளை உள்ளே உக்கார வெச்சாச்சே. குரல்தானே. குரலுக்கு என்ன மூஞ்சியா இருக்கு."

ஜெயசுந்தரி கார்டைப் பிடுங்கினாள்.

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அப்படிச் செய்ததில்லை.  போர்டில் ராஜாராமனின் எக்ஸ்டென்ஷன் விளக்கு எரிந்தது. அதை எரிய விட்டாள். பக்கத்துச் சீட் சாந்தா திரும்பிப் பார்த்தாள். பிறகு ஜெயசுந்தரி எடுத்தாள்.

"ஆபரேட்டர், லைன் கட் ஆயிடுத்து."

"ஹவ் சார். கட் ஆயிருச்சு."

"மறுபடி போட முடியுமா?"

"வெளிலேந்து வந்த கால் சார். அவங்கதான் போடணும்."

மன்றத்திலிருந்து யாரும் எதுவும் சொல்லவில்லை. மாடர்னும் இல்லை, பெங்காலும் இல்லை. இரண்டு ஆம்பிளைகள், ஒருத்தி சொன்னதற்காக, ஐந்து வாரம் ஒத்திகை பார்த்த ஒருத்தியைத் தூக்கித் தட்டிக்குப் பின்னால் போட்டுவிட்டு, அதற்கு உத்தி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவளால் அதை எடுத்துப்போய் யார் முகத்திலும் எறிய முடியாது. லைனில் கேட்டதைச் சொன்னால் வேலை போய்விடும்.  மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் அப்பாவிடம் சொன்னாள். லைனில் கேட்டதைச் சொல்லவில்லை. மேடையில் தான் இல்லை என்பதை மட்டும் சொன்னாள்.

எட்மண்ட் எல்லா நாடகத்துக்கும் வருவார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு யாரிடமும் பேசாமல் போய்விடுவார். அவர் தன் பித்தளை டம்ளரில் இருந்த டீயை ஆற்றினார்.

"நான் நாளைக்கு வந்து என்னத்தப் பாக்கணும்? கதவையா?"



"நக்கோ, முடியாதுன்னு சொல்லிட்டு வந்துரும்மா. கைக்கு? எதுக்குப் போறே? சம்பளமா கொடுக்கானுவ?"

"போகலைன்னா கிட்டு பொம்பளைக் குரல்ல படிப்பான். ஹால் முழுக்கச் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அவனுவ நாடகம்."

"கடைசிப் பக்கம் அவங்களது இல்லப்பா."

எட்மண்ட் டீயைக் குடித்து முடித்தார்.

சனிக்கிழமை அவள் ஹாலுக்கு வேதாவாகவே வந்தாள். மாம்பழ நிற மடிசார், மூக்குத்தி, தலையில் கனகாம்பரம், புருவத்துக்கு மேல் குங்குமம். வீட்டிலிருந்தே அப்படிக் கிளம்பி, லாலாகுடா தெருவில் எல்லோரும் பார்க்க பஸ் ஏறினாள். பக்கத்து வீட்டுக் கனகமணி அத்தை கேட்டுக்குள்ளிருந்து, "ஏளா, யாரு வீட்டுக் கல்யாணம்?" என்றாள்.

சக்ரபாணி அவளைப் பார்த்ததும் பதறினார். "மேக்கப் எதுக்கு? யார் பாக்கப்போறா?"

"நான் பாக்கறேன் சார்."

"சரி சரி. விங்கைத் தாண்டி வந்துடாதே. முந்தானை தெரிஞ்சாக்கூட எஃபெக்ட் போயிடும்."

திரை விலகியது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மைக் முதலில் ஊளையிட்டது. கிட்டு எதையோ திருகினான். ராஜாராமன் மேடையில் பேப்பர் படித்துக்கொண்டு, "வேதா, காபி" என்றார். "இதோ வரேன்" என்றாள் மைக்கில். ஹாலில் சிரிப்பு. மறுபடி "வேதா, என் கண்ணாடி." "இதோ வரேன்." மறுபடி சிரிப்பு. அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் கேட்கிற குரல், அதற்கு முகம் இல்லை. அதுதான் தமாஷ். கிட்டு காபியை வாங்கிக்கொண்டு வந்து மேடையில் வைத்துவிட்டுப் போனான், வேலைக்காரனாக. அவள் சட்டத்தில் அடித்த ஆணிகளைப் பார்த்துக்கொண்டு பேசினாள். அந்தப் பக்கம் அத்தனை பேர் சிரிப்பதைக் கேட்க ஆத்திரமாக இருந்தது. நன்றாகப் பேசியதால்தான் சிரிக்கிறார்கள் என்பது அதைவிட ஆத்திரமாக இருந்தது. மோசமாகப் பேச முயன்றாள். முடியவில்லை.

இடைவேளையில் ரமா பிளாஸ்கில் காபி கொண்டுவந்தாள். பட்டுப்புடவை. முகத்தில் கவலை தீர்ந்த களை. எல்லோருக்கும் ஊற்றிவிட்டு ஜெயசுந்தரியிடம் வந்தாள்.

"ரொம்ப நன்னா இருக்கு, ஜெயா. எம்.டி. ஆத்து மாமி கேட்டா, உள்ளேர்ந்து பேசறது நீங்களான்னு."

"என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலை. சிரிச்சேன்." ரமா டம்ளரை நீட்டினாள். "அப்படியே எங்காத்துக் குரல்தான். யாருக்கும் தெரியாது."

ஜெயசுந்தரி டம்ளரை வாங்கி, ஒரு வாய்கூடக் குடிக்காமல், மைக் ஸ்டாண்டின் காலடியில் வைத்தாள். கடைசிக் காட்சிக்கு மணி அடித்தது. கிட்டு விளக்கை அணைக்கப் போனான். அவள் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, கை அலம்பும் தொட்டியைத் தாண்டி, நடைவழியாக ஹாலுக்குள் நுழைந்தாள். இருட்டு. பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. உட்கார்ந்தாள். பக்கத்தில் குழந்தையை மடியில் வைத்திருந்தவள் நகர்ந்து கொடுத்து, "லேட்டா வந்தேளா?" என்றாள். "ஆமாம்" என்றாள் ஜெயசுந்தரி.

மேடையில் ராஜாராமன் ஆபீஸிலிருந்து வந்தார். கையில் கவர்.

"வேதா."

பதில் இல்லை. அவர் கொஞ்சம் காத்திருந்தார்.

"வேதா, எங்கே இருக்கே?"

விங்கில் கிட்டுவின் தலை தெரிந்து மறைந்தது. யாரோ யாரிடமோ ரகசியமாகப் பேசுவது மைக்கில் கேட்டது: "நாற்காலியில இல்லை சார். பாத்ரூம்ல பாக்கட்டுமா?" ஹால் கொல்லென்று சிரித்தது. ராஜாராமன் வேர்த்தார். கவரைப் பிரித்தார், மூடினார்.

"வேதா, உன்னைத்தான் கூப்பிடறேன்."

"இங்கதான் இருக்கேன்."

அவள் எழுந்து நின்றிருந்தாள். கோயிலில் வாசிக்கிற குரல். மைக் இல்லாமலே மேடையின் பின்சுவரில் மோதித் திரும்பியது. முன்வரிசைத் தலைகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பின. மடியில் இருந்த குழந்தை அவளை அண்ணாந்து பார்த்தது.

ராஜாராமன் வாயைத் திறந்தபடி இருட்டுக்குள் துழாவினார். பிறகு ஐந்து வார ஒத்திகை அவரைத் தள்ளியது. அந்த இடத்தில் அவருக்கு ஒரு வரி இருந்தது. அது தானாக வந்தது.

"ராஞ்சிக்குச் சம்மதம் எழுதிக் குடுத்துட்டேன். அடுத்த மாசம் கிளம்பணும்."

"எழுதிக் குடுத்தது நீங்க. மூட்டை கட்டறது யாரு?"

"என்ன சொல்றே நீ?"

"பத்து வருஷமா நீங்க கூப்பிட்டா இதோ வரேன், இதோ வரேன்னு சொல்லிண்டிருக்கேன். ஒரு நாளாவது எங்கேர்ந்து வரேன்னு திரும்பிப் பாத்திருக்கேளா? இந்த ஆத்துல அடுப்பு எந்தப் பக்கம் பாத்திருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? நேக்குக் காபி பிடிக்குமா, டீ பிடிக்குமா? தெரியாது. வெளியில நாலு பேர் வந்தா என்னை உள்ளே இருன்னு சொல்லுவேள். என் கையால சாப்ட்டுட்டு, நன்னாயிருக்குன்னு அவா சொல்றதை நீங்க வாங்கிப்பேள். நான் உள்ளேர்ந்து கேட்டுண்டிருப்பேன்."

சில வரிகள் பிரதியில் இருந்தவை. சில இல்லை. எது எது என்று அவளுக்கே அந்த நேரத்தில் தெரியவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர், "உக்காருங்கம்மா, மறைக்குது" என்றார். "மறைக்கட்டும்" என்றாள், அதே குரலில், அதே தமிழில். யாரோ கை தட்டினார்கள். விங்கில் சக்ரபாணி திரையைப் போடச் சொல்லிக் கிட்டுவின் தோளைப் பிடித்து உலுக்கினார். கிட்டு கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றான். இழுக்கவில்லை.

"அப்போ நீ வரமாட்டியா?" என்றார் ராஜாராமன். அதுவும் அவருடைய வரிதான். ஆனால் ஒத்திகையில் அதை அதட்டிச் சொல்லுவார். இப்போது கேட்டார்.

"வரலை. நீங்க போயிட்டு வாங்கோ. உங்களுக்கு ஒரு குரல்தானே வேணும். ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கிக்கோங்கோ. மூஞ்சி வேண்டாம், பேர் வேண்டாம், பக்கத்துல உக்கார வெக்க வேண்டாம். தட்டினா பேசும், தட்டினா நிக்கும்."

அவள் உட்கார்ந்தாள்.  முன் வரிசையில் ரமா மட்டும் திரும்பவில்லை. அவள் கழுத்துச் சங்கிலியின் கொக்கி விளக்கில் மின்னியது. மேடையில் ராஜாராமன் தனியாக, கவரைப் பிடித்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். கிட்டு அப்போதுதான் திரையை விட்டான்.

ஹால் எழுந்து நின்று கை தட்டியது.

அவள் காத்திருந்தாள். யாராவது வந்து திட்டுவார்கள், வெளியே போகச் சொல்லுவார்கள் என்று நினைத்தாள். அதற்குத் தயாராக இருந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். யாரும் வரவில்லை. மேடையில் நாற்காலிகள் போட்டார்கள். நடுவராக மெட்ராஸிலிருந்து வந்திருந்தவர் மைக்கைப் பிடித்தார்.

தமிழ் மேடையில் இப்படி ஒன்றைத் தான் பார்த்ததில்லை என்றார். முதல் பாதி முழுக்கக் கதாநாயகியை மறைத்து வைத்துவிட்டு, இரண்டாம் பாதியில் அவளைப் பார்வையாளர் நடுவில் எழுப்பிய டைரக்டரின் துணிச்சலைப் பற்றிச் சொன்னார். மேடைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருந்த சுவரைச் சக்ரபாணி உடைத்துவிட்டார் என்றார். பாத்ரூமில் பார்க்கட்டுமா என்ற குரல்கூடத் திட்டமிட்ட நுணுக்கம். ராஜாராமனின் திகைப்பை நடிப்பு என்றே சொல்ல முடியாது என்றார்.

சக்ரபாணி கை கூப்பி எழுந்தார். முதலில் அவர் முகத்தில் குழப்பம் இருந்தது. மாலை விழுந்தபோது அது இல்லை. "ரொம்ப நாளா மனசுல இருந்த உத்தி" என்றார். சிறந்த இயக்கத்துக்கான கேடயம் அவருக்கு. சிறந்த நடிகர் ராஜாராமன். கேடயத்தை எம்.டி. மனைவி கொடுத்தாள். கடைசியில் அறிவிப்பாளர் சீட்டைப் பார்த்து, "பார்வையாளர் பகுதியிலிருந்து குரல் கொடுத்த சகோதரிக்கும் நம் பாராட்டுகள்" என்றார். கை தட்டினார்கள். மேடைக்குக் கூப்பிடவில்லை.

ஜெயசுந்தரி எழுந்து நடைவழியாகப் பின்னால் போனாள். சிலர் வழிவிட்டார்கள். ஒரு பெண் அவள் புடவையைத் தொட்டு, "நீங்க எந்த ஊர் மாமி?" என்று கேட்டாள். "லாலாகுடா" என்றாள் அவள்.

எட்மண்ட் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். அன்று கொண்டுபோய் விட இரண்டு பேர் யாரும் வரவில்லை. யாரையும் அனுப்பச் சக்ரபாணிக்கு நினைவில்லை. அப்பாவும் மகளும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள்.

"உன் பேச்சுக்கு அவன் கப்பு வாங்கிட்டானே" என்றார் எட்மண்ட்.

"ஹவ்."

"நான் வேணா போய் நாலு வார்த்தை கேக்கவா?"

"கேட்டா அதையும் அவர் எழுதினதுன்னு சொல்வாரு, விடுங்கப்பா."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஆராதனைக்குப் போனாள். அன்று வேதப்பாடம் வாசிக்கிற முறை அவளுடையது இல்லை, உட்கார்ந்து கேட்டாள். வீட்டுக்கு வந்து மடிசாரைச் சோப்புப் போட்டு அலசிக் கொடியில் போட்டாள். அது ரமாவுடையது, திங்கட்கிழமை சாந்தாவிடம் கொடுத்தனுப்ப வேண்டும். மத்தியானம் டியூட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் கால் அதிகம் இருக்காது. பவர் ஹவுஸிலிருந்து இரண்டு, செக்யூரிட்டியிலிருந்து ஒன்று. நாலு மணி சுமாருக்குச் சக்ரபாணி வெளியிலிருந்து கூப்பிட்டார். அடுத்த மாதம் பெங்களூரில் போட்டி என்றும், இந்த நாடகத்தையே கேட்கிறார்கள் என்றும், அவள் அங்கேயும் அதே மாதிரி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். மேடையில் என்றால் வருகிறேன், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவள் சொன்னாள். யோசித்துச் சொல்கிறேன் என்றார் அவர். பவர் ஹவுஸ் விளக்கு எரிந்தது. அவர் லைனை எடுத்துவிட்டு அவர்களுக்கு நம்பர் கொடுத்தாள். ஆறு மணிக்கு டியூட்டி முடிந்தது. அதுவரை அவர் மறுபடி கூப்பிடவில்லை.